ஆருவானுக்குப் போன ஞாயிறு

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதலில் கோபப்படுவேன், பிறகுதான் காரணம் கேட்பேன். மலேசியாவில் பிறை என்ற ஊரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பல வருடம் லைன் லீடராக இருப்பவளுக்கு இது உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்ட குணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். லைனில் இருக்கும் பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. என் அக்கா மட்டும், "உனக்கு மூக்குக்கு மேல கோவம்னு சொல்றாங்க. மூக்கே இத்துனூண்டு இருக்கு, எங்கடி நிக்குது அது?" என்று கேலி செய்வாள். இப்படிக் கேலி செய்ய எனக்கு இருந்த ஒரே ஆளோடு நான் இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன்.

காரணம் மீன் குழம்பு. சொத்துச் சண்டை என்றால் நாலு பேர் உட்கார்ந்து நியாயம் பேசுவார்கள். மீன் குழம்புச் சண்டையை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். அப்பா பினாங்கு துறைமுகத்தில் வேலை செய்தார். அவரோடு வேலை பார்த்த ஒரு மலாய்க்காரருக்கு பாலிக் புலாவில் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நெல்வயல், வயலுக்கு நடுவே வாய்க்கால். பள்ளி விடுமுறை வந்தால் அப்பா எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப் போவார். மலைப்பாதை வளைவுகளில் நான் தவறாமல் வாந்தி எடுப்பேன். அக்கா தவறாமல் பிளாஸ்டிக் பை வைத்திருப்பாள். போய் இறங்கியதும் அப்பாவும் அவர் நண்பரும் காப்பியோடு உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் மூங்கில் கழியும் மண்புழு டப்பாவுமாக வாய்க்காலுக்கு ஓடுவோம்.

எத்தனை மீன் பிடித்தோம் என்பது எங்களுக்குப் பெரிதில்லை. ஒரே நாளில் எத்தனை வகை, அதுதான் ஆட்டம். "ஒரே மாதிரி பத்து புடிச்சா அது மீன் பசாரு. வேற வேறயா புடிச்சாத்தான் கெட்டிக்காரத்தனம்" என்று அக்கா சட்டம் போட்டிருந்தாள். இன்னும் சில சட்டங்களும் இருந்தன. உயிரோடு கரை ஏறினால்தான் சேர்த்தி. கையால் தொட்டுவிட்டுத்தான் எண்ண வேண்டும். குஞ்சுகளோடு நிற்கும் மீனைத் தொடவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை நான் ஒருமுறை மீறப் பார்த்து, முதுகில் ஓர் அறை வாங்கியிருக்கிறேன்.

மூன்று வகை கிடைத்தால் நல்ல நாள். நாலு கிடைத்தால் பஸ்ஸில் வாந்திகூட வராது. ஒருநாள் அக்கா ஏழு பிடித்தாள். ஏழாவது பெலூட், பார்க்க விலாங்கு போலவே இருக்கும். கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனதைப் பாவாடையில் சுற்றி அமுக்கிக்கொண்டு, "ஏழு! ஏழு!" என்று கத்தியபடி வரப்பில் ஓடி வந்தாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம் அடி வாங்கினாள், பாவாடை நாற்றம் துவைத்தும் போகவில்லை. அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த ஏழு என்ற கணக்கைப் பிறகு நாங்கள் இருவருமே தாண்டியதில்லை.

மீன் சாப்பிடுவதிலும் அவள்தான் ராணி. தலையை உறிஞ்சி, கன்னச் சதையை நோண்டி, முள்ளை வரிசையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைப்பாள். நாலு நாள் மீன் இல்லையென்றால் அவள் முகமே சரியாக இருக்காது. எனக்குப் பிடிக்கத் தெரியும், முள் எடுக்கத் தெரியாது. ஐந்து வயதில் தொண்டையில் முள் சிக்கி வீடே அமர்க்களப்பட்டதிலிருந்து, அக்காதான் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை என் தட்டில் ஒரு பக்கமாக ஒதுக்கிவைப்பாள். வேலைக்குப் போன பிறகும் இது நிற்கவில்லை. லைனில் நாற்பது பேரை விரட்டுகிறவள், அக்கா முள் எடுத்துத் தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் கல்யாணமாகி ஆயர் ஈத்தாமுக்குப் போனாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அவ தூண்டிலைக் கட்டிக்கிட்டா" என்று சொந்தக்காரர்கள் பேசுவது காதில் விழும். விழுந்துவிட்டுப் போகட்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிச்சம் இருந்தது ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு, இரண்டு தூண்டில், ஓர் அக்கா.

கோவிட் வந்தபோது, வெளியே போகாதே, போகாதே என்று அக்கா தினமும் போன் போட்டுச் சொன்னாள். கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் நான் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த வாரமே படுத்துவிட்டேன். தொழிற்சாலையில் தொற்றியதா, வாய்க்கால் கரையில் தொற்றியதா, யார் கண்டது? அக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் போனில் கத்தினாள். "இந்த மீன் பைத்தியம்தான்டி உன்னக் கொல்லப் போவுது!"

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் பாதி நாட்கள் எனக்கு ஞாபகமே இல்லை. யாரையும் வந்து பார்க்க விடவில்லை. எப்படியோ பிழைத்துக்கொண்டேன்.

உடம்பு தேறி, வீடுகளுக்குப் போகலாம் வரலாம் என்று ஆனதும், முதல் வேலையாக அக்காவையும் அத்தானையும் சாப்பிடக் கூப்பிட்டேன். நானே பிடித்த மீன், புளி கரைத்து, வெண்டைக்காய் போட்டு வைத்த குழம்பு. தலை தனியாக அக்காவுக்கு. அவள் அதைப் பார்த்தாள். கிண்ணத்தை இரண்டு விரலால் தள்ளினாள். கோழி வறுவலையும் ரசத்தையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். "வயிறு சரியில்ல லா" என்றாள். கோழிக்கு ஒத்துக்கொள்ளும் வயிறு மீனுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? அன்று வாயை மூடிக்கொண்டேன். தீபாவளிக்கு வந்தாள், அதே கதை. அடுத்த வருடம் என் பிறந்தநாளுக்கு வந்தாள். அதே இரண்டு விரல், அதே தள்ளல்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். 'போகாதே என்றேன், கேட்கவில்லை, மீனுக்குப் போய் நோயை வாங்கி வந்தாய், இனி உன் மீன் எனக்கு வேண்டாம்.' இதைத்தான் அவள் சொல்லாமல் சொல்கிறாள். செத்துப் பிழைத்து வந்தவளைக் குத்திக்காட்டுகிறாள்.

"எங்கையால புடிச்ச மீன் உனக்கு ஆவலன்னா, என் வீட்டு வாசப்படியும் மிதிக்காத!" என்றேன்.

"என்னம்மா இது..." என்று அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அக்காவும் எழுந்தாள். கையைக் கழுவினாள், கைப்பையை எடுத்தாள், போய்விட்டாள். திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆயர் ஈத்தாமுக்கும் ஜெலுத்தோங்குக்கும் மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடம்தான். அந்தப் பதினைந்து நிமிடத்தை இரண்டு வருடம் நாங்கள் யாரும் கடக்கவில்லை.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை அத்தான் போன் செய்தார். அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆப்பரேஷன் நடந்து ஐந்து வாரம் ஆகிறது என்றார். எனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் தடுத்துவைத்திருந்தாளாம். சர்க்கரை உடம்பு, தையல் போட்ட இடம் ஆறவில்லை. ஒரு பக்கம் பிரிந்து நீர் வடிகிறது. தினமும் கிளினிக்கில் கட்டு மாற்றுகிறார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் மூடவில்லையென்றால் மறுபடியும் வெட்டித் தைக்க வேண்டியிருக்கும்.

"எல்லாரும் ஆருவான் சூப்பு குடுக்கச் சொல்றாங்க" என்றார்.

ஆருவான் என்றால் விரால். இந்த ஊரில் மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, பிள்ளை பெற்றவளுக்கும் கத்தி பட்ட உடம்புக்கும் முதலில் சொல்வது ஆருவான் சூப்புதான். டாக்டர் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்வார்கள்.

"பசார்ல கெடைக்குமே அத்தான்."

"அது வளர்ப்பு மீனு. காட்டு ஆருவான்தான் கேக்குமாம்." பிறகு, "நீயே புடிச்சிட்டு வாயேன் லா. உங்கையாலயே கொண்டாந்து குடு."

"நான் புடிச்சத அவ தொடமாட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

"வர்றியா, இல்லயா?" என்று மட்டும் கேட்டார்.

போனை வைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வாரம்! கூடப் பிறந்தவளுக்குத் தெரியாமல் ஐந்து வாரம்! பிறகு அழுகை வந்தது. பிறகு கீழே இறங்கி, வாழை மரங்களுக்கு அடியில் மண்புழு தோண்டப் போனேன். அவள் தள்ளினால் தள்ளட்டும், வாயைப் பிளந்து ஊற்றிவிட்டு வருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். அதே மலைப்பாதை, அதே வளைவுகள். நானே ஓட்டுவதால் வாந்தி வருவதில்லை. பின் சீட்டில் மூடி போட்ட வாளியைக் கட்டியிருந்தேன், மூடியில் ஓட்டை போட்டு. ஆருவான் தண்ணீர் குறைவாக இருந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கஷ்டம் இல்லை. பிடிப்பதுதான் கஷ்டம்.

அப்பாவின் நண்பர் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் வெள்ளைக்காரர்களும் கோலாலம்பூர்க்காரர்களும் வந்து தங்கும் ஹோம்ஸ்டே. வாடகைச் சைக்கிளில் வந்தவர்கள் வயலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் மட்டும் அப்படியே இருந்தது. பாதி தூரத்துக்குச் சிமெண்டு போட்டிருந்தார்கள், மீதி தூரம் பழைய மண் கரை. அந்தச் சேற்று வாடை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் அக்கா நிற்பது போலிருந்தது. ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

பெரிய தூண்டிலில் ரப்பர் தவளையைக் கட்டி, பாசி மேல் வீசி வீசி இழுத்தேன். ஆருவானுக்குத் தவளை என்றால் உயிர். ஒன்றரை மணி நேரம் வீசியும் ஒரு அசைவு இல்லை. சும்மா கிடக்கிறதே என்று சின்னத் தூண்டிலில் மண்புழு குத்திக் கரையோரம் செருகி வைத்தேன். அது உடனே ஆடியது. இழுத்தால், கையகலத்தில் தட்டையாக, வயிற்றிலிருந்து நூல் போல இரண்டு மீசை தொங்க, ஒரு செப்பாட்.

"நீ யாரு கேட்டா?" என்று அதைத் திட்டித் தண்ணீரில் விட்டேன். அடுத்தது பூயு. தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்கள், செவுளை ஊன்றித் தரையில் நடக்கும் மீன். அதை விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, என் வாய் தானாக "ரெண்டு" என்றது.

நான் எண்ணுவதற்காக வரவில்லை. ஆனாலும் எண்ணினேன். ரொட்டித் துண்டுக்கு மதகுக்குப் பக்கத்தில் ஒரு திலாப்பியா ஏறியது, மூன்று. அதே இடத்தில் சிவப்பு வாலோடு வெள்ளியாக ஒரு லம்பாம், நாலு. எனக்குக் கை பரபரத்தது. நாலு வந்துவிட்டது, மணி பத்துகூட ஆகவில்லை. இதைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல உலகத்திலேயே ஒரே ஓர் ஆள்தான் உண்டு, அவளோடுதான் எனக்குப் பேச்சு இல்லை. எவ்வளவு பெரிய மடச்சி நான்!

ஐந்தாவது கெலி. கெளுத்தி வகை, பக்கத்துக்கு ஒரு முள் வைத்திருக்கும். தலைக்குப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும் என்று அக்கா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நினைப்பு வேறெங்கோ இருக்க, முன்னாலிருந்து பிடித்தேன். பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. ஐயோ, உயிர் போய் உயிர் வந்தது. தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு மலாயிலும் தமிழிலும் எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் சொன்னேன். சைக்கிளில் வந்த ஒரு ஜோடி படம் எடுப்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது.

வீங்கிய கையோடு இழுத்த ஆறாவது, கறுப்பாக, கவசம் போட்டது போல, வாய் அடியில் இருக்கும் பண்டாராயா. நகராண்மைக் கழகம்போல் தொட்டியைச் சுத்தம் செய்கிறதென்று அந்தப் பெயர். யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்த்துவிட்டு, பெரிதானதும் வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள், அது மற்ற மீன்களின் முட்டையை எல்லாம் தின்று தீர்க்கிறது. அதைத் தண்ணீரில் திருப்பி விடவில்லை. கரையில் போட்டதை எங்கிருந்தோ வந்த உடும்பு கவ்விக்கொண்டு போனது.

வெயில் ஏறியது. ஆருவான் மட்டும் இல்லை. வாய்க்காலிலேயே இல்லையோ என்று பயம் வந்தது. கொண்டுவந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு வாய் சோறு தின்று மூடிவைத்தேன். பிறகு மண் கரை முடியும் இடம்வரை நடந்தேன்.

அங்கே பாசிக்கு நடுவே தண்ணீர் கொதிப்பதுபோல ஓரிடம் துடித்தது. குனிந்து பார்த்தேன். சிவப்பாக, குங்குமத்தைத் தண்ணீரில் உதறியதுபோல, நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கின. ஆருவான் குஞ்சு. அதற்கு அடியில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்பு நிழல். தாய்.

குஞ்சோடு நிற்கும் ஆருவானைப் பிடிப்பது ஒன்றுமே இல்லை. பசிக்காவிட்டாலும், குஞ்சுகளுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். ஒரே வீச்சு போதும். வாளி நிறையும், அக்கா புண் ஆறும். நான் தூண்டிலைத் தூக்கினேன், அதைச் சொல்லிவிட வேண்டும். தூக்கி, குறி பார்த்து, அப்படியே நின்றேன். முதுகில் அந்தப் பழைய அறை விழுவதற்காகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. அக்கா அங்கே இருந்திருந்தால், புண்ணோடு சாகிறேன் ஆனால் அதைத் தொடாதே என்பாள். தூண்டிலை இறக்கினேன்.

"நல்லா இரு போ" என்று அந்த மீனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, கோபத்தில் ஒரு கல்லை எடுத்து வயலுக்குள் வீசினேன்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. ஹோம்ஸ்டே கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றேன். மழை விட்டதும் சின்னத் தூண்டிலைப் போய்ப் பார்த்தால் நரம்பு முறுக்கிக்கொண்டு கிடந்தது. இழுத்தேன். பெலூட். மஞ்சள் வயிற்றோடு வளைந்து வளைந்து வந்தது. சட்டையின் அடிப்பாகத்தில் சுற்றி அமுக்கினேன். "ஏழு" என்றேன், சத்தமாக. யாரும் இல்லை. சட்டை நாறியது. அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன்.

ரப்பர் தவளையைக் கழற்றி எறிந்தேன். மழைக்கு வெளியே வந்திருந்த ஒரு குட்டித் தவளையைப் பிடித்து, சின்ன வயதில் செய்ததுபோலக் கொக்கியில் மாட்டி, மதகுக்கு இந்தப் பக்கம் பாசியின் மேல் குதிக்க விட்டேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது குதியில் தண்ணீர் வெடித்தது. வீங்கிய கையைத் தூண்டில் நரம்பு அறுக்க அறுக்க விடாமல் இழுத்து, வயிற்றோடு அணைத்துக் கரைக்கு உருட்டினேன். நல்ல ஆருவான், ஒரு கிலோவுக்குக் குறையாது. வாளியில் போட்டு மூடியை அழுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆயர் ஈத்தாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை இருக்கும். அத்தான் கதவைத் திறந்தார். ஹாலில் சாய்வு நாற்காலியில் அக்கா. பாதியாக இளைத்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"கெலியா?" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

"ம்."

"முன்னாலேர்ந்து புடிச்சிருப்ப. எத்தன தடவ சொல்லிருக்கேன்."

நேராகச் சமையலறைக்குள் போய்விட்டேன். மீனைச் சுத்தம் செய்தேன். இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டு, குழம்பு நிறம் கலக்காமல் தெளிவாக ஒரு சூப்பு வைத்தேன். வீடு முழுக்க மணந்தது. அத்தான் வாசற்படிக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார். கிண்ணத்தில் சதையோடு ஊற்றி, அக்கா முன்னால் ஸ்டூலில் கொண்டுபோய் வைத்தேன்.

அக்கா அதைப் பார்த்தாள். இரண்டு விரலால் தள்ளினாள்.

அவ்வளவுதான், எனக்குக் கண் இருண்டுவிட்டது. "இன்னும் தீரலயா உனக்கு? காலைலேர்ந்து வெயில்ல காஞ்சு, கை வீங்கி, உனக்காகத்தான புடிச்சேன்! புண்ணு அழுகினாலும் என் மீனு உனக்கு வேணாம், அதான? நான் அன்னிக்கே ஆஸ்பத்திரில செத்துருந்தா உனக்குச் சந்தோசமா இருந்திருக்கும்!"

அக்காவின் முகம் மாறியது. பதில் சொன்னது அவள் இல்லை, அத்தான்.

"போதும். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

"சும்மா இருந்துதான் ரெண்டு வருசம் போச்சு." அவர் என் பக்கம் திரும்பினார். "உன்ன ஆஸ்பத்திரில வச்சிருந்தப்ப, இனி நம்ம கையில இல்லன்னு போன்ல சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே தண்ணீர்மலைக் கோயில் சாமிக்கு வேண்டிக்கிட்டா. எந்தங்கச்சி எழுந்து நடந்து வரணும், வந்தா ஆயுசுக்கும் மீன் திங்க மாட்டேன்னு. அவளுக்கு ரொம்பப் புடிச்சத விடணும்ல, அதத்தான் விட்டா. உன் வீட்டு மீன மட்டும் இல்லம்மா, இவ எங்கயும் மீன் தின்னு மூணு வருசத்துக்கு மேல ஆவுது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக மனசுக்குள் அவளைத் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னு பயம்" என்றாள். பிறகு, "சொல்லிருந்தா நீ மீன் புடிக்கறத விட்டுருப்ப. உனக்கு வேற என்னடி இருக்கு?" என்றாள்.

அத்தானைப் பார்த்தேன். "அப்ப தெரிஞ்சே எதுக்கு என்ன ஆருவானுக்கு அனுப்புனீங்க?"

"சும்மா வான்னா வந்துருப்பியா நீ?" என்றார்.

வேண்டுதலை முடித்துவைக்கக் கோயிலில் ஏதாவது பரிகாரம் சொல்வார்கள், உடம்புக்காகத்தானே, சாமி கோபித்துக்கொள்ளாது என்று எவ்வளவோ சொன்னேன். அக்கா கேட்கவே இல்லை. "நீ இப்ப நடந்துதான வந்த? அப்புறம் என்ன பேச்சு?" என்று முடித்துவிட்டாள். அவள் புண் ஆற மேற்கொண்டு ஒரு மாதம் ஆனது. முட்டையிலும் பருப்பிலும் கிளினிக் நர்ஸின் கைராசியிலும்தான் ஆறியது, மறுபடி வெட்டாமலே. என் மீனுக்கு அதில் பங்கு இல்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் அந்தக் கிண்ணத்தை அக்கா என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறிப்போவுது. நீ குடி."

"உனக்கு வச்சது."

"அங்க கெடந்தப்ப உன் வாயில ஒரு வாய்த் தண்ணி எறங்காதான்னுதான்டி நான் வேண்டிக்கிட்டேன். குடி, நான் பாக்கறேன்."

குடித்தேன். மிளகு காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சதையை எடுக்கப் போனபோது, "இரு, முள்ளு" என்றாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள்.

"ஏய், நீ தொடலாமா?"

"திங்க மாட்டேன்னுதான் சொன்னேன். தொடமாட்டேன்னு சொல்லல."

முள்ளை எடுத்து ஓரத்தில் வரிசையாக வைத்தாள். சதையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். ஐம்பது வயது தாண்டியவள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன வகை?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"எட்டு."

கை நின்றது. "சொல்லு பாப்போம்."

சொன்னேன். பண்டாராயா என்றதும் தலையை ஆட்டினாள். "அதெல்லாம் சேராது. அது தொட்டி மீனு. ஏழுதான்."

"என்னக்கா இது! உயிரோடதான ஏறுச்சு? கையால தொட்டேனே!"

"ஏழு. நானும் ஏழு, நீயும் ஏழு. சாப்புடு."

அத்தான் சிரித்துக்கொண்டே அவள் கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். நான் சதையை வாயில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். மீன் பட்ட அந்த விரல்களை அக்கா மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி, தண்ணீர் வருவதற்குள் ஒரே ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டாள்.